பாலத்தில் ஸ்டேரிங் பேயாட்டம் ஆடுகிறதா? ஃபோர்வீல்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. பட்டர்வொர்த்தில் வீடு, பாயான் லெப்பாசில் வேலை, ஒரு பழைய சுருள் ஸ்பிரிங் ஜிம்னி, சனிக்கிழமையானால் கூலிம் பக்கம் செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் சேறு பூசிக்கொள்ளும் ஆசை, அவ்வளவுதான் என் தகுதி. ஆனால் இந்த ஆட்டத்தைத் துரத்திப் பிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது, காசும் கொஞ்சமாகப் போகவில்லை. அதற்கப்புறம் கூட்டாளிகளின் காடிகளிலும் இதே வேலையைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே போட்டுவிடுகிறேன்.

முதலில், பேயாட்டம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஆங்கிலத்தில் டெத் வாபிள் என்பார்கள். பேர் கொஞ்சம் அதிகம் என்று நானும் நினைத்திருந்தேன், எனக்கு நடக்கும்வரை.

ஒரு திங்கட்கிழமை காலை, பிறையில் டோல் கட்டிப் பினாங்குப் பாலம் ஏறி எழுபத்தைந்தில் போய்க்கொண்டிருந்தேன். பாலத்தில் துண்டுக்குத் துண்டு இணைப்பு வரும் இடத்தில் 'தடக்' என்று ஒரு சத்தம் வருமே, அதில் ஒன்றைத் தாண்டியதும் ஸ்டேரிங் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு இடமும் வலமுமாக அடிக்க ஆரம்பித்தது. நடுக்கம் இல்லை, அடி. டாஷ்போர்டு குலுங்குகிறது, கண்ணாடியில் பின்னால் வரும் லோரி நான்காகத் தெரிகிறது, முன் சக்கரம் இரண்டும் கழன்று கடலில் விழப்போகிறது என்றே நினைத்தேன். வேகம் நாற்பதுக்குக் கீழே வந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் அடங்கிவிட்டது.

இதுதான் அடையாளம். ஒரு மேடு பள்ளம் கிளப்பிவிடும், அப்புறம் மேடு பள்ளம் இல்லாவிட்டாலும் தானாகவே ஆடிக்கொண்டிருக்கும், வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் நிற்கும். பெரும்பாலும் 60-க்கும் 90-க்கும் நடுவில் வரும். பாலத்தில் வேக வரம்பு 80, அதாவது பேய்க்கு ரொம்பப் பிடித்த வேகத்தில்தான் அந்த இணைப்புகளை எல்லாம் நாம் தாண்டுகிறோம்.

எல்லா நடுக்கமும் இதுதானா?

இல்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல்தான் பாதிக் காசு வீணாகிறது.

குறிப்பிட்ட வேகத்தில் மெல்ல ஆரம்பித்து, வேகம் கூடினால் குறைந்து, ஸ்டேரிங்கில் லேசாகக் கைகூச வைத்தால் அது டயர் பேலன்சிங். பிரேக் மிதித்தால் மட்டும் நடுங்கினால் டிஸ்க். காலடியிலும் சீட்டிலும் உறுமல் மாதிரி வந்து, ஆக்சிலேட்டரை விட்டால் மாறினால் அது புரொப்பெல்லர் ஷாஃப்ட்டு. நேர் ரோட்டில் காடி தானாக அலைந்துகொண்டே போய், நீங்கள் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் அது வேறு கதை, கீழே காஸ்டர் பற்றிச் சொல்லும்போது வருகிறேன். பேயாட்டத்துக்கு ஆரம்பம் உண்டு, ஒரு நொடியில் உச்சிக்குப் போகும், உங்களைக் கேட்காது.

ஓடிக்கொண்டிருக்கும்போது ஆட ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது?

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டேரிங்கை உறுதியாகப் பிடியுங்கள், ஆனால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள், அது இடம் போகும்போது நீங்கள் வலம் இழுத்தால் சில நேரம் ஆட்டத்துக்கு நீங்களே தாளம் போட்டுக் கொடுத்ததாகிவிடும். கட்டைவிரலை ஸ்டேரிங்கின் கம்பிகளுக்கு உள்ளே விடாதீர்கள், அடித்தால் விரல் போய்விடும். பிரேக்கைச் சீராக மிதித்து, சிக்னல் போட்டு, இடது பக்கம் ஒதுங்குங்கள். பாலத்தில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, அதனால் அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு இடது தடத்தில் மெதுவாகவே இறங்கிவிடுவது நல்லது. வேகமாகப் போனால் தாண்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், அவர் காடியில் ஏறாதீர்கள்.

இறங்கியதும் முதலில் சக்கர நட்டுகளைப் பாருங்கள். அப்புறம் டைராட் (முன் சக்கரம் இரண்டையும் சேர்த்துத் திருப்பும் கம்பி) முனைகளில் ஏதாவது தொங்குகிறதா என்று குனிந்து பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மெதுவாக வீட்டுக்குப் போகலாம். சரியில்லை என்றால் தூக்கிப்போகும் லோரிதான்.

ஏன் ஃபோர்வீலுக்கு மட்டும் வருகிறது? என் மச்சானின் மைவி காருக்கு வரவில்லையே?

எல்லா ஃபோர்வீலுக்கும் வராது. முன் சக்கரம் இரண்டையும் ஒரே கட்டை அச்சு இணைக்கிற காடிகளுக்குத்தான் வரும்: ஜிம்னி, ஜீப் ரேங்க்ளர், பழைய டிஃபெண்டர், லேண்ட் குரூசர் 70, 80 வரிசை, நிசான் பேட்ரோல், மிகப் பழைய இலை ஸ்பிரிங் ஹைலக்ஸ். இப்போதைய ஹைலக்சிலும் டிரைட்டனிலும் முன் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும், அவற்றில் நடுக்கம் வரலாம், இந்த ஆட்டம் வராது என்றே சொல்லலாம்.

காரணத்தைப் பம்பரத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். சுற்றுகிற பம்பரத்தை ஒரு பக்கம் சாய்த்தால் அது அந்தப் பக்கம் விழாமல் தலையைச் சுற்றி ஆட்டும். சக்கரமும் சுற்றுகிற பம்பரம்தான். கட்டை அச்சில் ஒரு பக்கம் மேடு ஏறினால் அச்சு முழுவதும் சாய்கிறது, இரண்டு சக்கரமும் சேர்ந்து சாய்கின்றன, உடனே இரண்டும் ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கின்றன. திரும்பினதும் ரோடு அவற்றைத் திரும்ப நேராக்கும், ஆனால் நேரில் நிற்காமல் அந்தப் பக்கம் போய்விடும். ஸ்டேரிங் மூட்டுகள் எல்லாம் இறுக்கமாக இருந்தால் இந்த ஆட்டம் ஒன்றிரண்டு முறையில் செத்துவிடும். எங்கேயாவது ஒரு மில்லிமீட்டர் தளர்வு இருந்தால் அந்த இடைவெளியில் அது வளரும். பசார்ராயாவில் தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் மட்டும் படபடவென்று அடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான், ஒன்றரை டன் எடையோடு.

ஆக, பள்ளம் திரியைக் கொளுத்துகிறது, வெடிமருந்து தளர்வில் இருக்கிறது. பள்ளத்தை நாம் சரிசெய்ய முடியாது.

ஸ்டேரிங் டேம்பர் மாற்றினால் நின்றுவிடும் என்று கடையில் சொன்னார்கள். மாற்றவா?

நான் இரண்டு மாற்றினேன். முதலாவது மூன்று வாரம் தாங்கியது. இரண்டாவது, மஞ்சள் நிறத்தில், தடித்தது, 'ஹெவி டியூட்டி' என்று எழுதியது, ஐந்து வாரம். இரண்டையும் விற்றது ஒரே கடை, பேர் வேண்டாம்.

பிறையில் ஒரு பழைய பட்டறை அண்ணன்தான் என் கண்ணைத் திறந்தார். மூன்றாவது டேம்பர் வாங்கிக்கொண்டு போனபோது அதைப் பிரிக்கவே விடவில்லை. "தம்பி, இது கோடாலித் தைலம். தலைவலி தெரியாது, தலைக்குள்ள என்னன்னும் தெரியாது" என்றார். டேம்பர் என்பது ஸ்டேரிங்குக்கு ஒரு எப்சோபர், ஆட்டத்தைத் தின்னும், ஆட்டத்துக்குக் காரணமான தளர்வை ஒன்றும் செய்யாது. அது மறைக்கிற வரை தளர்வு கூடிக்கொண்டே போகும், ஒருநாள் டேம்பரால் முடியாமல் போகும்போது ஆட்டம் முன்னைவிட மோசமாக வரும். அண்ணன் செய்கிற சோதனையே டேம்பரைக் கழற்றி வைத்துவிட்டு, ஆள் இல்லாத ரோட்டில் மெதுவாக ஓட்டிப் பார்ப்பது. மற்ற எல்லாம் நல்லபடி இருக்கிற காடி, டேம்பர் இல்லாமலும் பேயாட்டம் ஆடக் கூடாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு சொல்வார்கள். 2018-இல் வந்த ஜேஎல் ரேங்க்ளரில் இந்தப் புகார் அமெரிக்காவில் பெரிதாகி, தயாரிப்பு நிறுவனமே 2019-இல் வேறு டேம்பரை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. உண்மைதான். ஆனால் அது கிட்டத்தட்டப் புதுக் காடிகளுக்கு. பதினைந்து வயசு ஜிம்னிக்கு அதைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

சரி, எங்கேயிருந்து ஆரம்பிப்பது?

காசு செலவில்லாத இடத்திலிருந்து. அதாவது டயர்.

காட்டுக்குள் போய்வந்த மறுநாள் ஆட ஆரம்பித்ததா? அப்படியானால் முதலில் ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். காய்ந்த சேறு அரைக் கிலோ ஒட்டிக்கொண்டிருக்கும், வெளியே நின்று பார்த்தால் தெரியாது. வாட்டர் ஜெட்டை உள்பக்கமாகக் காட்டி நன்றாகக் கழுவிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சேற்றோடு காடியைக் கொண்டுபோய் பேலன்சிங் செய்துவிட்டு, மழையில் சேறு கரைந்ததும் மறுபடி ஆடுகிறது என்று கடைக்காரரைத் திட்டின ஆள் ஒருவர் என் கூட்டத்திலேயே இருக்கிறார்.

அடுத்தது காற்று. தோட்டத்தில் ஓட்டக் காற்றைக் குறைத்திருப்பீர்கள், ரோட்டுக்கு வந்ததும் பெட்ரோல் நிலையத்தில் கண்டபடி நாற்பது பிஎஸ்ஐ ஏற்றியிருப்பீர்கள். கதவோரத்தில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஜிம்னி போன்ற எடை குறைந்த காடிக்கு அளவுக்கு மீறிய காற்று ஆட்டத்தை நன்றாகத் தூண்டும்.

அப்புறம் முன் டயரைப் பின்னால், பின் டயரை முன்னால் மாற்றிப் போட்டு அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். ஆட்டம் கணிசமாக மாறினால் டயரில் கோளாறு இருக்கிறது. பட்டன் பட்டனாகத் தேய்ந்த மட் டெரெய்ன் டயர், உள்ளே கம்பிப் பின்னல் பிரிந்து ஒரு இடத்தில் வீங்கிய டயர், இரண்டுமே காரணமாகலாம். டயரின் பக்கச் சுவரில் டாட் (DOT) என்று ஆரம்பிக்கும் வரியின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய டயர் உங்கள் மகனைவிட மூத்ததாக இருக்கலாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், டயர் பேலன்ஸ் சரியில்லாதது பள்ளம் மாதிரிதான், அதுவும் திரிதான். பேலன்சிங் செய்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் சந்தோஷப்பட்டுக் கொண்டு விட்டுவிடாதீர்கள், தளர்வு அங்கேயே இருக்கிறது.

தளர்வை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குக் கருவி எதுவும் இல்லை.

உங்களுக்குத் தேவை ஒரு ஆள். மனைவியோ தம்பியோ பக்கத்து வீட்டுப் பையனோ யாராவது.

காடியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஜாக்கி போடாதீர்கள், நான்கு சக்கரமும் தரையில் எடையோடு நிற்க வேண்டும், இதில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். தூக்கி நிறுத்தினால் மூட்டுகளில் சுமை இருக்காது, தளர்வு ஒளிந்துகொள்ளும். கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, எஞ்சினை ஓட விடுங்கள், பவர் ஸ்டேரிங் வேலை செய்தால்தான் வேண்டிய பலம் கிடைக்கும். உள்ளே இருப்பவர் ஸ்டேரிங்கை இடம் வலமாக, மணி பத்திலிருந்து இரண்டு வரை, விடாமல் சுருக்சுருக்கென்று ஆட்டவேண்டும். முழுச் சுற்றுத் திருப்பத் தேவையில்லை.

நீங்கள் முன்னால் தரையில் படுத்து, ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். சும்மா பார்த்தால் போதாது, விரலை மூட்டின் மேல் வைக்க வேண்டும், பாதி மூட்டில் ஒரு விரல், மறுபாதியில் இன்னொரு விரல் என்று. இரண்டு விரலும் சேர்ந்து போனால் நல்லது. ஒன்று போய் இன்னொன்று கொஞ்சம் தாமதமாகப் போனால் பிடித்துவிட்டீர்கள். கண்ணுக்குத் தெரியாத தளர்வும் விரலுக்குத் தெரியும். சக்கரத்துக்கும் கம்பிகளுக்கும் நடுவில் கையை நசுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரிசை இப்படி: ஸ்டேரிங் பாக்ஸ் சேசிசில் உட்காரும் போல்ட்டுகள், பிட்மன் ஆர்ம் (பாக்சிலிருந்து வெளியே வரும் கை), டிராக் லிங்கின் (drag link, அந்தக் கையிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) இரண்டு முனை, டைராடின் இரண்டு முனை, பான்ஹார்ட் ராடின் இரண்டு முனை, கடைசியாக அச்சைப் பிடித்திருக்கும் ஆர்ம்களின் புஷ் (மூட்டில் உட்காரும் ரப்பர் உறை). என் ஜிம்னியில் இந்தச் சோதனை செய்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது. ஏழு மாதமாகத் தேடியது அந்தப் பத்து நிமிஷத்தில் பாதி கிடைத்துவிட்டது.

பான்ஹார்ட் ராட் என்பது எது? ஏன் எல்லாரும் அதையே சொல்கிறார்கள்?

ஜீப்காரர்கள் டிராக் பார் என்பார்கள், பொருள் ஒன்றே. சுருள் ஸ்பிரிங் காடியில் அச்சு இடம் வலமாக நகராமல் சேசிசோடு பிடித்திருக்கும் நீளக் கம்பி. ஒரு முனை சேசிசில், மறு முனை அச்சில். இலை ஸ்பிரிங் உள்ள பழைய எஸ்ஜே410 வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகலாம், உங்கள் காடியில் அந்த வேலையை இலையே பார்த்துக்கொள்கிறது, நீங்கள் ஷேக்கிள் புஷ்ஷையும் யூ போல்ட்டையும் பாருங்கள்.

ஸ்டேரிங்கை ஆட்டும்போது அச்சு ஒரு பக்கமாகத் தள்ளப்படும், அந்தத் தள்ளலை முழுக்கத் தாங்குவது இந்தக் கம்பி. அதன் புஷ் கிழிந்திருந்தாலோ, போல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தாலோ அச்சே நகரும். பேயாட்டத்தில் அதிகம் மாட்டுகிற ஆள் இவன்தான், குறிப்பாக ரேங்க்ளரில்.

ஜேஎல்லுக்கு முந்தைய ஜேகே ரேங்க்ளரில் ஒரு வேடிக்கை உண்டு: டிராக் பார் போல்ட் 14 மில்லிமீட்டர், அது நுழைகிற துளை அதைவிடக் கொஞ்சம் தாராளம். போல்ட் இறுக்கமாக இருக்கிற வரை தாங்கும், தளர்ந்தால் துளைக்குள் அடித்து அடித்துத் துளை முட்டை வடிவமாகும். அந்தப் போல்ட்டுக்கு 125 அடி-பவுண்டு இறுக்கம் வேண்டும், ஏறக்குறைய 170 நியூட்டன் மீட்டர். பட்டறையில் "நல்லா டைட் பண்ணிட்டேன் பாஸ்" என்பது அளவு இல்லை, டார்க் ரெஞ்ச் போடச் சொல்லுங்கள். துளை முட்டையாகிவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, கனமான வாஷர் வைத்து வெல்டு செய்து சரியான துளை எடுக்க வேண்டும், அல்லது 9/16 இன்ச் போல்ட்டுக்குத் துளையைச் சீராக்க வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் இதைச் செய்யாத பட்டறைகள்தான் அதிகம். ரப்பர் புஷ் மாற்றும்போது போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது காடி தரையில் தன் எடையோடு நிற்கும்போதுதான். தூக்கி வைத்திருக்கும்போதே இறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழியும். புது புஷ் ஏன் நிற்கவில்லை என்று கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் பதில்.

ஜிம்னிக்காரர்கள் எல்லாம் கிங்பின் கிங்பின் என்கிறார்களே?

ஆமாம், என் ஏழு மாதத்தின் மறுபாதி அங்கேதான் இருந்தது.

ஜிம்னியில் முன் சக்கரம் திரும்புவது நக்கிளின் (அச்சின் முனையில் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) மேலும் கீழும் உள்ள கிங்பின்களில், பக்கத்துக்கு இரண்டு பேரிங், மொத்தம் நான்கு. லேண்ட் குரூசர் 70-லும் இதே அமைப்புதான். டிஃபெண்டரில் சுவிவல் பின் என்பார்கள், உறவுக்காரன்தான். இந்தப் பேரிங்குகளுக்கு ஒரு முன்னிறுக்கம் இருக்க வேண்டும், அதாவது நக்கிள் சும்மா லேசாகத் திரும்பக் கூடாது, கொஞ்சம் கனத்துத் திரும்ப வேண்டும். அந்தக் கனமே ஒரு இயற்கையான டேம்பர். தேய்ந்து அந்தக் கனம் போனதும் சக்கரத்தைத் தடுக்க ஒன்றுமே இல்லை.

நம் ஊர் ஃபோர்வீலுக்கு இது சீக்கிரம் போகக் காரணம் ஆறு. நக்கிளின் பின்னால் உள்ள சீல் கிழிந்திருந்தால், ஒரு தடவை ஆற்றில் இறக்கினால் போதும், தண்ணீர் உள்ளே போய் கிரீஸ் தே தாரேக் நிறத்துக்கு மாறியிருக்கும். அப்படிப் பார்த்தால் கையோடு பேரிங்கையும் மாற்ற வேண்டியதுதான், கிரீஸ் மட்டும் மாற்றி மூடாதீர்கள். நான் அதையும் ஒருமுறை செய்தேன்.

சோதனை இப்படி. முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை மேலும் கீழும், மணி பன்னிரண்டிலும் ஆறிலும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒரு ஆளைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் சக்கரப் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். இதில் ஒன்றும் தெரியாவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். டைராடைக் கழற்றிவிட்டு நக்கிளைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரே சீரான கனம் இருக்க வேண்டும். நேராக நிற்கும் இடத்தில் மட்டும் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் 'டக்' என்று உட்கார்ந்தால், உருளைகள் பேரிங்கில் குழி விழவைத்துவிட்டன. நாம் ஓட்டுவதில் முக்கால்வாசி நேர் ரோடு, அதனால் நேர் நிலையில்தான் குழி விழும்.

புதுப் பேரிங் போடும்போது மூடிக்கு அடியில் மெல்லிய தகடுகள், ஷிம், இருக்கும். அவற்றை எடுத்தால் இறுக்கம் கூடும், சேர்த்தால் குறையும். அளவைச் சின்னத் தராசுக் கொக்கியை ஆர்மின் முனையில் மாட்டி இழுத்துப் பார்ப்பார்கள், எத்தனை கிலோவில் நகர வேண்டும் என்பது உங்கள் மாடலின் மேனுவலில் இருக்கும். என் அண்ணன் மீன் எடை போடுகிற கொக்கித் தராசைத்தான் வைத்திருக்கிறார், அதில் ஒன்றும் குறையில்லை. இறுக்கம் அதிகமாகிவிட்டால் ஸ்டேரிங் திருப்பினபடி நிற்கும், தானாக நேராகாது.

ரேங்க்ளரில் கிங்பின் இல்லையே?

இல்லை, அந்த இடத்தில் பால் ஜாயிண்ட். சக்கரத்தைக் கொஞ்சமாகத் தூக்கி, அடியில் நீளமான கம்பியை விட்டு நெம்புங்கள், இன்னொருவர் ஜாயிண்ட்டைப் பார்க்கட்டும். பெரிய டயர் போட்டால் சீக்கிரம் போகும், அவ்வளவே.

உயரமான ஸ்பிரிங் போட்டுக் காடியைத் தூக்கியதிலிருந்துதான் ஆடுகிறது. காஸ்டரா?

இருக்கலாம், ஆனால் காஸ்டரைக் குற்றம் சொல்வது இப்போது ஒரு ஃபேஷன் ஆகிவிட்டது. காஸ்டர் என்பது சக்கரம் திரும்பும் அச்சு பக்கவாட்டில் பார்த்தால் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் கோணம். ஜேகே ரேங்க்ளரில் தொழிற்சாலையிலிருந்து வரும்போது நான்கு டிகிரி சொச்சம். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் இதற்காகத்தான், சக்கரம் தானாக நேருக்கு வரும். ஸ்பிரிங்கை உயரமாக்கினால் அச்சு கொஞ்சம் உருண்டு இந்தக் கோணம் குறையும். குறைந்தால் காடி அலையும், திருப்பினபின் ஸ்டேரிங் திரும்பி வராது. அது பேயாட்டம் இல்லை. ஆனால் அப்படி அலையும் காடியில் தளர்வும் சேர்ந்தால் ஆட்டம் சுலபமாகத் தொற்றும்.

இதைக் கேட்டுவிட்டு ஒரேயடியாகக் காஸ்டரைக் கூட்டிவிடுகிறார்கள் சிலர். அதுவும் ஆபத்து. தள்ளுவண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதற்கு இழுபடும் தூரம் தாராளம், ஆனாலும் படபடக்கிறது. தளர்வை எடுக்காமல் காஸ்டரைக் கூட்டினால் ஆட்டம் கூடவும் செய்யலாம்.

தூக்கிய காடியில் நான் முதலில் பார்ப்பது, முன்னாலிருந்து பார்த்தால் பான்ஹார்ட் ராடும் டிராக் லிங்கும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே சாய்வில் இருக்கின்றனவா என்று. ஒன்றை மட்டும் இறக்கிவிட்டு மற்றதை விட்டுவிட்டால், அச்சு ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்டேரிங் தானாகத் திரும்பும். தூக்குகிற கிட் மலிவாகக் கிடைத்தால் பெரும்பாலும் இதில்தான் மிச்சம் பிடித்திருப்பார்கள். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) விதி, அனுமதி எல்லாம் தனி விவகாரம், தூக்குவதற்கு முன்னால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அலைன்மென்ட் கடையில் எல்லாம் பச்சை காட்டியது, அப்புறமும் ஆடுகிறதே?

கம்ப்யூட்டர் கோணத்தை அளக்கும், தளர்வை அளக்காது. தளர்ந்த மூட்டு அன்றைக்கு எந்த இடத்தில் உட்கார்ந்திருந்ததோ அந்த இடத்தைத்தான் உங்களுக்குப் பிரின்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மூட்டுகளை முடித்துவிட்டுக் கடைசியாக அலைன்மென்ட்டுக்குப் போங்கள். கட்டை அச்சுக் காடியில் பெரும்பாலும் மாற்ற முடிவது டோ மட்டும்தான், முன்பக்கம் சில மில்லிமீட்டர் உள்நோக்கி இருக்க வேண்டும். அதை வீட்டிலேயே இரண்டு டயரின் நடுவில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, முன்னும் பின்னும் ஒரே உயரத்தில் டேப் பிடித்துப் பார்த்துவிடலாம். வெளிநோக்கி இருந்தால் உடனே சரிசெய்யுங்கள்.

சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் ஸ்பேசர் போட்டிருக்கிறேன், அது காரணமாகுமா?

ஆகும். சக்கரம் வெளியே தள்ளி நிற்கிற அளவுக்கு, ஒவ்வொரு பள்ளமும் ஸ்டேரிங்கைப் பிடித்து இழுக்க நீளமான கை கிடைத்ததுபோல். கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் பரிசோதனையில் போன மாதம்தான் பாஸானது. அப்படியென்றால் பிரச்சினை இல்லைதானே?

பரிசோதனைத் தடத்தில் எண்பதில் பள்ளம் தாண்டவில்லை. அது ஓட்டத் தகுதி உள்ள காடியா என்று பார்க்கிறது, உங்கள் கிங்பின் தேய ஆரம்பித்ததா என்று பார்ப்பதில்லை. பழைய காடி வாங்குகிறவர்கள், விற்கிறவர் முன்னால் அந்த இரண்டு ஆள் சோதனையைச் செய்துவிட்டு விலை பேசுங்கள். முகம் மாறினால் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன், இன்னும் ஆடுகிறது. இப்போது?

'எல்லாம்' என்கிறவர்களிடம் நான் கேட்பது மூன்று. ஒன்று, போட்டது எந்தச் சாமான்? டைராட் முனையும் பால் ஜாயிண்ட்டும் கள்ளப் பெட்டியில் வருவது சகஜம், புதுசே தளர்வாக இருந்ததைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன், ஹாஃப்கட் (பழைய காடிகளை வெட்டிச் சாமான் விற்கும்) கடையில் எடுத்த ஜப்பான் பழசு அதைவிட நன்றாக இருந்தது. இரண்டு, ஸ்டேரிங் பாக்சைப் பார்த்தீர்களா? ஸ்டேரிங்கைத் திருப்பும்போது உள்ளே போகும் கம்பி திரும்பியும் வெளியே பிட்மன் ஆர்ம் நகராமல் இருக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். பாக்ஸ் உட்காரும் சேசிஸ் துண்டில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று துருவைச் சுரண்டிப் பாருங்கள், பழைய காடிகளில் சேற்றுக்கும் துருவுக்கும் அடியில் அது ஒளிந்திருக்கும். மூன்று, மாற்றியபின் அந்தச் சோதனையை மறுபடி செய்தீர்களா? பெரும்பாலும் இல்லை. ஒரு பேயாட்டம் நல்ல மூட்டுகளையும் அடித்துத் தளர்த்தும், ஆகவே முதல் குற்றவாளியைப் பிடித்தபின் அவன் கெடுத்துவைத்தவர்களும் இருப்பார்கள்.

சரியாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே ரோடு, ஒரே வேகம், ஒரே பள்ளம். எனக்குப் பிறைத் தொழிற்பேட்டைக்குள் ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கிற ஒரு ரோட்டில், தண்டவாளம் மாதிரி எழும்பிய ஒரு தார்த் தையல் இருக்கிறது. ஐம்பதில் தாண்டி, அறுபதில் தாண்டி, அங்கே உள்ள வரம்புக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பார்ப்பேன். புஷ்ஷும் நான்கு பேரிங்கும் மாற்றி, டேம்பர் இல்லாமல் அங்கே நாலு தடவை போய்வந்த பிறகு, அண்ணன் என் பழைய டேம்பரையே திரும்ப மாட்டிக் கொடுத்தார். அந்தப் பிரிக்காத மூன்றாவது டேம்பரைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனேன், திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். அட்டைப் பெட்டியோடு ஸ்டோரில் கிடக்கிறது. ஜிம்னிக்குப் பொருந்தும், யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள், ஆனால் முதலில் ஒரு ஆளை ஸ்டேரிங்கில் உட்காரவைத்துக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.